தாய்ப்பால் இடையில் நிற்பது ஏன்?

எம் இல்லத்தில் மூத்த பிள்ளை பிறந்து மூன்று கிழமைகள் சென்ற ஓர் இரவில், அது ஓயாது அழுதது. "பால் காணாது போலும்" என்றார் என் அன்னையார். மறுநாட் காலை பால்மாப் பேணி வாங்கி வந்தவன் யானே. இரண்டு மாதத்தில் தாய்ப்பால் அறவே நின்றது. குறை என் மனைவியிடத்தென்றே எல்லோரும் கருதினோம். அது பிழையென்பதை, இரண்டாம் பிள்ளை பிறந்த காலத்திலேதான் எம்மூர்க் குடும்பநல மருத்துவமாதிடம் கற்றேன். கற்றதைப் பழைய மாணவர்முன் வைத்தல் என் கடன்.

பிறந்த நாள் முதல் ஆறு மாதம் நிறையும்வரை, மருந்தொழியத் தண்ணீரும் வேண்டாது தாய்ப்பால் மாத்திரமே ஊட்டுக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறாம் மாதத்தையொட்டிச் சோறூட்டும் வழக்கமும் இதற்கு மாறன்று. 2016ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் உட்பட இலங்கை முழுவதும் நிகழ்ந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதமானவை தாய்ப்பால் மாத்திரமே அருந்தின. பெருமைக்குரிய தொகையே. எஞ்சியோர் இடையில் நிறுத்துவது எதனால்?

முதற் காரணம், "பால் காணாது" என்னும் அச்சமே. குழந்தை பாலுண்ணுந்தோறும் தாயின் உடலிற் புரோலக்ரின் என்னும் ஓமோன் சுரந்து மேலும் பாலை உண்டாக்குகிறது. ஒட்சிற்றோசின் என்பது அதனை வெளிப்படச் செய்கிறது. போத்தற் பாலால் வயிறு நிறைந்த குழந்தை தாயின் மார்பை நாடுவது குறையும். குறையவே, சுரப்புங் குறையும். பொய்யாயிருந்த அச்சம் இவ்வாறு மெய்யாகிவிடுகிறது. கவலையும் நோவும் பால் வெளிப்படுதலைத் தடுப்பதனால், வீட்டார் கூறும் ஒரு சுடுசொல்லும் தீங்கு செய்ய வல்லது.

அழுகையெல்லாம் பசியன்று. முதற் கிழமை கழிந்தபின், நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமற் சிறுநீர் கழித்து, நிறையும் ஏறிவருமாயின் பால் போதியதே. சுறாப்புட்டும் முருங்கையிலையும் தாய்க்கு நல்லுணவுகளே. ஆயினும் பாலைப் பெருக்குவது பிள்ளையின் வாயே.

வேறு காரணங்களும் உள. சத்திரசிகிச்சையாற் பேறு நிகழ்ந்தவர்க்குப் பால் சுரக்கச் சிறிது தாமதமாகலாம். குழந்தையைச் சரியாகப் பொருத்தாவிடிற் காம்பு வெடித்து நோவுண்டாகும். பிடிக்கும் முறையைத் திருத்தினால் அது பெரும்பாலும் தீரும். தொழிலும் ஒரு தடையே: கடை, காரியாலயப் பெண்களுக்குச் சட்டம் அளிக்கும் பேற்று விடுமுறை 84 நாள், ஆறு மாதமோ ஏறக்குறைய 180 நாள். பாலைப் பிழிந்தெடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சிறு கோப்பையால் ஊட்டலாம். அதற்கு வீட்டிலே துணையும், வேலைத்தலத்திலே மறைவான இடமும் வேண்டும். நோயினால் ஊட்ட இயலாத தாய்மாரும் சிலர் உளர். அவர்மேற் பழி சுமத்துதல் தகாது.

1981இல் உலக சுகாதாரப் பேரவை, பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையொன்றை ஏற்றது. இலங்கையும் தனக்கெனக் கோவை வகுத்துக்கொண்டது. ஆனால், வீட்டினுள்ளே நாம் கூறும் சொல்லைக் கட்டுப்படுத்தும் கோவை எது? நம்முட் பலர் தந்தையர், சிலர் பாட்டன்மார், சிலர் வேலை கொடுப்போர். குழந்தை அழும் இரவில், கடைக்குச் செல்ல எண்ணுமுன் மருத்துவமாதை நாடுவோமாக. எம் இரண்டாம் பிள்ளையும் அவ்வாறே இரவெல்லாம் அழுதது. அம்முறை யான் கடைக்குச் செல்லவில்லை; அது ஆறு மாதமும் தாய்ப்பாலே அருந்தி வளர்ந்தது.