ஆட்டுப் பரணுக்கு எந்தப் பலகை?

கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள ஊர்களில் வானம் பார்த்த நிலமே அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பினால் ஒரு போகம் நெல் எடுக்கலாம். நிரம்பாவிட்டால் அதுவும் சந்தேகம்தான். இத்தகைய பகுதியில் சிறு விவசாயிக்குக் கை கொடுப்பது வெள்ளாடு. பிள்ளைகளின் படிப்புச் செலவானாலும், வைத்தியச் செலவானாலும் ஒரு கிடாயை விற்றுச் சமாளித்து விடலாம்.

ஆனால் அதே மழைக்காலத்தில்தான் ஆடுகள் அதிகமாக நோயுறுகின்றன. கொட்டகையின் மண் தரை சேறாகிறது. புழுக்கையும் மூத்திரமும் ஈரத்தில் ஊறுகின்றன. அதில் எழும் அமோனியா வாடை ஆட்டின் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கி, சளிக்கும் நுரையீரல் அழற்சிக்கும் வழி விடுகிறது. குட்டிகளைத் தாக்கும் ரத்தக் கழிச்சல் நோய் ஈரத் தரையில் எளிதில் பரவுகிறது. குளம்பு அழுகலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

"எங்கள் அப்பா காலத்தில் மண் தரையில் ஆடு வளர்க்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வளர்த்தார்கள். ஆனால் அன்று வயலுக்கு வயல் கிடை போட்டார்கள். இன்று ஒரு வயல், சில நாட்களில் அடுத்த வயல் என்று ஆடு படுக்கும் தரை மாறிக்கொண்டே இருந்தது. இப்போது ஆண்டு முழுவதும் ஒரே கொட்டகை, ஒரே தரை. ஆகவே ஆட்டைத் தரையிலிருந்து தூக்கிப் படுக்க வைப்பதே நல்லது. அதற்குத்தான் பரண்.

பரண் போடுபவர்கள் கூரைக்கும் தூணுக்கும் காட்டும் அக்கறையைப் பலகைக்குக் காட்டுவதில்லை. பச்சை மரத்தை அறுத்து, வாங்கிய அன்றே அடித்து விடுகிறார்கள். ஆறு மாதத்தில் பலகை முறுக்கிக்கொள்கிறது. இடைவெளி அகன்று, குட்டியின் கால் சிக்கி ஒடிகிறது. பரணில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். அது கடைசி வரை மாறாமல் இருக்க வேண்டும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், காய வைப்பதும், ஆணி அடிப்பதும் எல்லாம் இதற்காகவே.

எவ்வளவு இடைவெளி?

வளர்ந்த ஆடுகள் மட்டும் படுக்கும் பரணில் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இடைவெளி விடலாம். குட்டிகளும் சேர்ந்து படுத்தால் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அரை அங்குலத்துக்குக் கீழே குறைத்தாலும் தொல்லைதான். மழைக் காற்றில் பலகை சற்று உப்பி, புழுக்கை விழ வழியில்லாமல் மேலேயே தேங்கிவிடும்.

பச்சை மரத்தால் வரும் கேட்டை ஒரு கணக்கில் பார்க்கலாம். 3 அங்குல அகலமுள்ள பச்சைத் தைலமரப் பலகை காயும்போது கால் அங்குலம் வரை சுருங்கக்கூடும். அரை அங்குலம் விட்டு அடித்த இடைவெளி அப்போது முக்கால் அங்குலம் ஆகிவிடும். பெரிய ஆட்டுக்குத் தாங்கும். பால் குடிக்கும் குட்டிக்குத் தாங்காது.

நம் பகுதியில் கிடைக்கும் மரங்கள்

பனை: வயது முதிர்ந்த பனையின் வெளிப்புறக் கறுத்த வைரப் பகுதி பரணுக்கு மிகவும் ஏற்றது. உட்புறச் சோற்றுப் பகுதி உதவாது. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்துள்ளது. எனவே நிற்கும் பனையைப் பரணுக்காகச் சாய்க்க நினைக்க வேண்டாம். பழைய வீட்டிலிருந்து கழற்றிய பனங்கை கிடைத்தால் வாங்கலாம்.

வேம்பு, கருவேல்: இரண்டும் நல்லவை. வைரம் பாய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஓரத்து வெள்ளைப் பகுதியைக் கழித்துவிடச் சொல்லுங்கள். பூச்சி முதலில் துளைப்பது அதைத்தான்.

சீமைக்கருவேல்: விறகு என்றே நாம் ஒதுக்கும் மரம். கெட்டியானது, காயும்போது அதிகம் சுருங்காது. நீளமாகவும் நேராகவும் கிடைப்பதில்லை என்பதே குறை. பருத்த அடிமரம் கிடைத்தால் 3 அல்லது 4 அடி நீள ரீப்பர்களாக அறுத்துப் பயன்படுத்தலாம்.

தைலமரம்: எளிதில் கிடைக்கும், நேராக இருக்கும். ஆனால் அதிகம் சுருங்கும், முறுக்கும், நுனியில் வெடிக்கும். நன்கு காய வைத்த பிறகே அடிக்க வேண்டும்.

சவுக்குக் கம்பு: தடுப்பு வேலிக்குச் சரி, தளத்துக்கு வேண்டாம். உருண்டைக் கம்பில் ஆட்டின் குளம்பு வழுக்கும். ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் இருப்பதால் இடைவெளியும் சமமாக அமையாது.

மூங்கில்: செலவு குறைவு, ஆயுளும் குறைவு. சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் உள்ளிருக்கும் மாவுச்சத்து கரைந்து, வண்டு துளைப்பது குறையும். ஈரத்தில் வழுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பழைய வீட்டு மரம்: செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் மரங்கள் காரைக்குடியில் விற்பனைக்கு வருகின்றன. தேக்கு வாங்கி ஆட்டுக்குப் போட நமக்குக் கட்டாது. கழிவாக வரும் சட்டங்கள் கிடைத்தால் நன்மை உண்டு. அவை பல்லாண்டு காய்ந்தவை. ஆனால் பெயின்ட் பூசிய மரத்தை வாங்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆடு மரத்தை நக்கும், கடிக்கும், ஈயம் நஞ்சு. பழைய ஆணிகளையும் ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும்.

பிளாஸ்டிக் தளம்: துளையுள்ள பலகைத் துண்டுகளாக விற்கிறார்கள். கரையான் பயமில்லை, கழுவுவது எளிது, இடைவெளி மாறாது. முதலீடு அதிகம். வாங்கும் முன் துளையின் அகலத்தை அளந்து பாருங்கள். கையால் தடவி, வழுக்காத சொரசொரப்பு உள்ளதா என்றும் பாருங்கள். இரும்புக் கம்பி வலை மலிவாகத் தோன்றினாலும் மூத்திரத்தில் துருப்பிடித்து அறுந்து, குளம்பைக் கிழிக்கும்.

விலையைக் கேட்டதும் முடிவு செய்யாமல், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டு, விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்பது அப்போது தெரியும்.

காய வைத்தல்

அறுத்த பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரு அங்குலக் குச்சிகளை வைத்தால் காற்று புகும். மேலே பாரம் ஏற்றினால் முறுக்காது. ஒரு அங்குலப் பலகை நம் வெயில் காலத்தில் இரண்டு, மூன்று மாதங்களில் காயும். தை, மாசியில் அறுத்தால் சித்திரை, வைகாசியில் அடிக்கலாம். மழைக்கு முன் பரண் தயாராகிவிடும். காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டை வாரம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது.

10 ஆட்டுப் பரணுக்குக் கணக்கு

பெட்டை ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி, கிடாவுக்கு 20, குட்டிக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம். 10 பெட்டை, ஒரு கிடா, 15 குட்டி என்றால் 180 சதுர அடி. அதாவது 18 அடி நீளம், 10 அடி அகலம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே வெயில் குறைவாக விழும்.

3 அங்குலப் பலகையை அரை அங்குல இடைவெளியில் நீளவாக்கில் அடித்தால், 10 அடி அகலத்துக்கு 34 வரிசை வரும். மொத்தம் 612 அடி ஓட்டம். ஒரு அங்குலக் கனத்துக்கு இது சுமார் 13 கன அடி. கழிவையும் சேர்த்து 14 கன அடி வாங்கினால் போதும். 4 அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை வேண்டாம். புழுக்கை அதன் மேலேயே தங்கிவிடும்.

தூண்கள் மூன்று வரிசை, வரிசைக்கு 4 என 12 வேண்டும். நம் பகுதியில் கிடைக்கும் கல்கால்களே சிறந்தவை. மரக்காலாக இருந்தால் நேரே மண்ணில் நடாமல் சிமென்ட் கட்டையின் மேல் நிறுத்த வேண்டும். இல்லையேல் செம்மண் கரையான் விடாது. தூண்களின் மேல் நீளவாக்கில் மூன்று உத்திரங்கள், 4-க்கு 5 அங்குலம். அவற்றின் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாக 2-க்கு 4 அங்குலச் சட்டங்கள் 13. உயரம் 4 அடிக்குக் குறைந்தால் குனிந்து பெருக்க முடியாது.

பலகை அடிக்கும் முறை

அரை அங்குலக் கனத்தில் இரண்டு அளவுக் கட்டைகளைச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பலகை அடிக்கும்போதும் இரு முனையிலும் அவற்றை நடுவில் வைத்து அடித்தால் இடைவெளி சமமாக வரும். கண் மதிப்பில் அடிக்க வேண்டாம்.

பலகையின் மேல் ஓரங்களைச் சற்று மழுக்கி, பக்கங்களைக் கீழ்நோக்கிச் சிறிது சரிவாகச் சீவச் சொல்லுங்கள். இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் புழுக்கை சிக்காமல் விழும். ஆனால் மேற்பரப்பை இழைப்புளி போட்டு வழவழப்பாக்க வேண்டாம்.

கருவேல், பனை போன்ற கெட்டி மரத்தில் முதலில் துளையிட்டு, பிறகு ஆணி அடித்தால் வெடிக்காது. துத்தநாகம் பூசிய ஆணி எளிதில் துருப்பிடிக்காது. ஆணித் தலை மரத்துக்குள் அமுங்கியிருக்க வேண்டும். தளம் முழுவதையும் ஒரே மூச்சாக அடிக்காமல், 3 அடிக்கு 5 அடித் துண்டுகளாகச் சட்டம் கட்டி, திருகாணியால் உத்திரத்தில் பொருத்தினால் இன்னும் நல்லது. அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்க, சிறு படகின் உள்தளப் பலகையைக் கழற்றும்படி அமைப்பார்கள். அதுபோலப் பரணிலும் ஒரு துண்டைக் கழற்றி வெயிலில் போடலாம். உடைந்ததை மட்டும் மாற்றலாம்.

பலகை கெடாமலிருக்க வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆடு நக்கினால் நஞ்சாகும். தேவைப்பட்டால் வேப்பெண்ணெய் பூசலாம்.

ஏறு பலகையில் முக்கால் அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை அடித்தால் சினை ஆடு வழுக்காது. சுற்றிலும் 4 அடி உயரத் தடுப்பு வேண்டும். பிறந்த குட்டிகளைப் பரணில் விட வேண்டாம். முதல் இரண்டு வாரம் காய்ந்த வைக்கோல் பரப்பிய தனி மூலையில் வைத்திருங்கள்.

பரணுக்கு அடியில்

அடித் தரையைச் சரளை மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இறுக்கி, ஒரு பக்கம் சரிவாக அமைக்க வேண்டும். சாரல் அடிக்காமல் கூரையை மூன்றடி வெளியே நீட்டுங்கள். வாரம் ஒரு முறையாவது புழுக்கையைப் பெருக்கி எடுத்துக் குவியுங்கள். அது குப்பையல்ல. ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2 சதவீதம் உள்ளது. பகலில் ஆடுகள் நிழல் தேடிப் பரணுக்கு அடியில் போய்ப் படுக்காதபடி தட்டி கட்டிவிடுங்கள். அங்கே படுக்க விட்டால் பரண் போட்ட பலனே இல்லை.

பரண் போட்டுவிட்டோம், இனி நோய் வராது என்று இருந்துவிடக் கூடாது. மேய்ச்சல் ஆட்டுக்குப் புல்லிலிருந்தே குடற்புழு வரும். குடற்புழு நீக்க மருந்தும், துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் போட வேண்டும். கொட்டகை அமைப்பு பற்றிய ஆலோசனைக்குக் குன்றக்குடியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஆண்டுக்கு இரு முறை, சித்திரையிலும் புரட்டாசியிலும், அதே அளவுக் கட்டையை எடுத்துக்கொண்டு பரண் முழுவதும் இடைவெளியைச் சோதியுங்கள். கட்டை தளர்ந்து விழும் இடத்தில் பலகையை நெருக்கி அடியுங்கள். கட்டை நுழையாத இடத்தில் அடைந்திருக்கும் புழுக்கையைச் சுரண்டி எடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். மழை பிடித்த பிறகு செய்வோம் என்று தள்ளிப்போட வேண்டாம்.