போல்ட்டை முறுக்கினா ஒழுகல் நிக்குமா? பழைய பிக்அப்புக்கு ஆயில் சம்ப் மாத்தின கதை

வாரம் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து கோட் எழுதுற நான், ஒரு வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கத்துக்கிட்ட விஷயத்தைத்தான் இந்த எபிசோடுல சொல்லப் போறேன்.

எங்க அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து காய்கறி லோடு அடிக்கிறவர். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடின டீசல் பிக்அப். அது ஒரு நாள் நின்னா அன்னைக்கு வருமானம் இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, வண்டி நிக்கிற இடத்துல உள்ளங்கை அளவு ஆயில் கறை. குனிஞ்சு பார்த்தா சம்ப் விளிம்புல கசிவு. நான்தான் இன்ஜினியர் ஆச்சே! ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். சில வாரத்துல அப்பா போன் பண்ணினார். "தம்பி, முன்னைவிட ஜாஸ்தியா ஒழுகுதுடா. ஊத்தி ஊத்தி ஓட்டிட்டிருக்கேன்."

ஏன் இப்படி ஆச்சு? எஞ்சினுக்கு அடியில இருக்கிற தொட்டிதான் சம்ப். பட்டறைகள்ல 'ஆயில் சேம்பர்'னும் சொல்லுவாங்க. எஞ்சினுக்குள்ள சுத்துற ஆயில் வடிஞ்சு இங்கதான் தங்கும். பம்ப் அதை ஒரு வலை வழியா உறிஞ்சி பேரிங்குகளுக்கு அழுத்தத்தோட அனுப்பும். ஆயில் மட்டம் ரொம்பக் குறைஞ்சா பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், உலோகம் உலோகத்தோட உரசும். சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சா உடனே எஞ்சினை நிறுத்தச் சொல்றது இதனாலதான். ஒரு கேஸ்கெட்டோட போக வேண்டிய செலவு, முழு எஞ்சின் வேலையில போய் முடியும்.

சம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிறது கேஸ்கெட். ரெண்டு பரப்புலயும் இருக்கிற நுண்ணிய மேடு பள்ளத்தை, நசுங்கி நிரப்புறதுதான் அதோட வேலை. பல வருஷம் சூடு பட்டா ரப்பர் விறைச்சுப் போகும், கார்க் சுருங்கும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் அது நிரப்பாது. எங்க வண்டி சம்ப் மெல்லிய இரும்புத் தகடு. நான் முறுக்கின வேகத்துல போல்ட் ஓட்டையைச் சுத்தித் தகடு குழிஞ்சு, ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல இடைவெளி வந்திருச்சு.

அடுத்த லீவுல பக்கத்துப் பட்டறை அண்ணன் துணையோட இறங்கினோம். அவர் முதல்ல ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஆயில் மேல இருந்துதான் தம்பி கீழ வரும். எங்க சொட்டுதுன்னு பார்க்காத, எங்க இருந்து வருதுன்னு பாரு"ன்னார். எரர் காட்டுற வரியிலேயே பிழை இருக்கணும்னு இல்லை, அதே கதைதான். எஞ்சினை நல்லாத் துடைச்சு, ஓடவிட்டு, டார்ச் அடிச்சு மேலிருந்து பார்த்தோம். வால்வ் கவர் காய்ஞ்சிருந்தது. பிரீதர் குழாயிலயும் அடைப்பு இல்லை. அது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி, புது கேஸ்கெட்டையும் தாண்டி ஆயில் வெளியே வரும். கசிவு சம்ப்லதான்னு உறுதியாச்சு. டிரெயின் போல்ட் மரையும் தேய்ஞ்சிருந்ததால சம்ப்பையே மாத்த முடிவு பண்ணினோம்.

சமதரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வெச்சோம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகவே கூடாது. ஆயிலை வெதுவெதுப்பா இருக்கும்போதே வடிச்சோம், கொதிக்கக் கொதிக்க இல்லை. சில வண்டிகள்ல குறுக்குச் சட்டம் மறிக்கும், எஞ்சினையே கொஞ்சம் தூக்கணும். அது தனியாள் வேலை இல்லை.

சம்ப்பைக் கழட்டினதும் பம்ப் வலையைச் சுத்தம் பண்ணினோம். அதிக நேரம் போனது பிளாக் விளிம்புல ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுறதுலதான். கீறல் விழாம, துணுக்கு உள்ளே விழாம எடுக்கணும். ஆயில் பசை துளிகூட இருக்கக் கூடாது. புது கேஸ்கெட்டை வெச்சு, மூலைகள்ல மட்டும் கொஞ்சம் சிலிகான் பேஸ்ட். நிறையப் போட்டா அது உள்ளே பிதுங்கி வலையை அடைச்சிரும்.

போல்ட்டுகளை முதல்ல கையால ஏத்தி, நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, ரெண்டு மூணு சுத்தா இறுக்கினோம். 10 நம்பர் ஸ்பேனர் போடுற இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பொதுவா 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். மணிக்கட்டு பலமே ஜாஸ்தி. உங்க வண்டியோட சரியான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

சாயங்காலமே அப்பா, "ஆயிலை ஊத்துடா, ராத்திரி லோடு இருக்கு"ன்னார். பேஸ்ட் முழுசா இறுக 24 மணி நேரம் ஆகும்னு டியூப்லயே போட்டிருந்துச்சு. ஒரு நாள் லோடு போகுதேன்னு அவருக்குக் கோபம். அவசரப்பட்டு முறுக்கினவன் நான்தானே, அதனால அந்த ஒரு நாள் வாடகையை நானே கொடுத்துடறேன்னு சொன்னேன். அவர் வாங்கலை. ஆனா காத்திருந்தார்.

மறுநாள் புது ஆயில், புது ஃபில்டர். எஞ்சினை ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மட்டம் சரி பார்த்து, அடியில ஒரு அட்டையை விரிச்சோம். காலையில டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா அந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. ஒண்ணும் சொல்லாம அதை மடிச்சு சீட்டுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டார்.

கடைசியா ஒண்ணு: வடிச்ச ஆயிலைச் சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க. டப்பாவுல அடைச்சு, கழிவு ஆயில் சேகரிக்கிற பட்டறையில கொடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!