ஒழுகும் அலுமினியப் படகைத் திருத்துதல்

நீர் தேங்கும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். நீர் புகுவது ஓரிடம். ஓடித் தேங்குவது வேறிடம். ஆகவே படகைக் கரையேற்றி, அடிப்புறம் தெரியும்படி மரக்குற்றிகள் மீது வைப்போம். உள்ளே நாலு விரல் உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றுவோம். 100 லீற்றர் நீர் 100 கிலோ பாரம். நிரப்பினால் தகடு நெளியும். வெளியே கசியும் இடங்களை வெண்கட்டியால் அடையாளமிடுவோம்.

பெரும்பாலும் தறையாணிகளே தளர்ந்திருக்கும். நீரை இறைத்தபின், ஒருவர் வெளியே ஆணித்தலையில் கனத்த இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே சுத்தியலால் அடித்து இறுக்கலாம். பின்னர் சுரண்டித் துப்புரவாக்கி, நன்கு உலரவிட்டு எப்பொக்சிப் பசை பூசுவோம். செப்பு, இரும்பு ஆணிகள் ஆகா. உப்புநீரில் அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிபட்டு ஓட்டை பெருகும்.

பசை இறுகியதும் மீண்டும் நீர் ஊற்றிப் பார்ப்போம். ஒரு துளியும் கசியாத பின்பே பிள்ளைகளை ஏற்றுவோம்.