கேட்க இனிக்கும் போதனையும் உண்மைப் போதனையும்

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அதன் அரசனையும் ஆலயப் பாத்திரங்களையும் கொண்டுபோனான். சில ஆண்டுகள் கழித்து அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் அறிவித்தார். எரேமியா தீர்க்கதரிசியோ, பாபிலோனுக்கு அடங்கியிருக்கும்படியும், அதன் ஆதிக்கம் எழுபது ஆண்டு நீடிக்கும் என்றும் சொல்லிவந்தார். அதற்கு அடையாளமாக அவர் கழுத்தில் பூண்டிருந்த நுகத்தை அனனியா கழற்றி உடைத்தார். மக்கள் விரும்பியது அனனியாவின் சொல்லை. நடந்ததோ எரேமியா சொன்னது. பத்தாண்டுக்குள் நகரமும் ஆலயமும் தீக்கிரையாயின.

இருவருமே கடவுளின் பெயரால்தான் பேசினார்கள். ஆகவே, போதகரின் உறுதியான குரலோ கேட்பவரின் மனநிறைவோ உண்மைக்கு அளவுகோல் ஆகாது. வேதாகமம் வேறு சோதனைகளைத் தருகிறது. முன்னறிவித்தது நடக்காவிட்டால் அது கடவுளின் சொல் அல்ல என்கிறது உபாகமம் 18ஆம் அதிகாரம். அடையாளம் பலித்தாலும், வேறு தெய்வங்களிடம் இழுப்பவரைக் கேட்கக் கூடாது என்கிறது 13ஆம் அதிகாரம். கள்ளப் போதகரை அவர்களின் கனிகளால் அறியலாம் என்பது மத்தேயு நற்செய்தி தரும் வழி. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அதை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது.

ஆதித் திருச்சபையின் கையேடான ‘திதாகே’ இன்னும் நேரடியானது: பணம் கேட்கும் தீர்க்கதரிசி போலி. 1517இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்ததற்கு, அது மக்களுக்குப் பொய்யான நிம்மதி தந்தது என்பதும் ஒரு காரணம்.

ஆறுதல் எல்லாமே பொய் அல்ல. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்கள் நாடு திரும்புவார்கள் என்று எரேமியாவும் வாக்களித்தார். மனந்திரும்புதலைத் தவிர்த்துவிட்டு ஆறுதலை மட்டும் தரும் போதனையே சந்தேகத்துக்கு உரியது.