விற்றதையே திரும்ப வாங்கும் வீடுகள்

தை மாதம் துவரை அறுவடை முடிந்ததும், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் வியாபாரியின் வண்டி களத்துமேட்டுக்கே வந்துவிடுகிறது. எடை போட்டு, பணத்தைக் கையில் கொடுத்து, கடைசி மூட்டை வரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதே வீட்டிலிருந்து ஆவணி மாதத்தில் பக்கத்து டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவர், அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப வைத்து கால் கிலோ பாக்கெட்டை எடுக்கிறார்.

மளிகை விலை உயர்வை நகரத்துக் குடும்பங்களின் கவலையாகவே பலரும் பேசுகிறார்கள். மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வேறு மாதிரி சொல்கிறது. கிராமப்புறக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் சுமார் 47 ரூபாய் உணவுக்கே போகிறது. நகரத்தில் இந்தப் பங்கு 40 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. விலை ஏறினால் விளைவிக்கிறவர் வீட்டுக்குத்தான் அடி அதிகம். ஏறிய விலையாவது விவசாயிக்கு வருகிறதா என்றால், அதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குக் கிடைப்பது தக்காளியில் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு.

விற்கும்போது 33 காசு, வாங்கும்போது முழு ரூபாய். விவசாயக் குடும்பம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இந்த இடைவெளிதான். சூப்பர் மார்க்கெட்டின் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' அட்டையைத் தேடி அலைவதைவிட, அறுவடை நாளில் எத்தனை மூட்டையை வீட்டுக்கு நிறுத்துவது என்று முடிவு செய்வதில் பணம் அதிகம் மிஞ்சும்.

ஒரு மூட்டைத் துவரையின் கணக்கு

ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ துவரம்பருப்பு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கடையில் 1 கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதை வாங்காமல் விடும் வீடுகள் நிறைய உள்ளன, விடக் கூடாது. மீதி 2 கிலோ. ஆண்டுக்கு 24 கிலோ. முழுத் துவரையை உடைத்தால் நூற்றுக்கு 70 கிலோ அளவில் பருப்பு கிடைக்கும். ஆக, 35 கிலோ துவரையை நிறுத்தினால் ஆண்டுத் தேவை தீர்ந்தது.

2025-26 பருவத்துக்குத் துவரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். அந்த விலைக்கே விற்றாலும் 35 கிலோவின் மதிப்பு 2,800 ரூபாய். உடைகூலி 200 ரூபாய் சேர்த்தால் 3,000 ரூபாய். கடையில் பருப்பு கிலோ 150 ரூபாய் என்றால், 24 கிலோவுக்கு 3,600 ரூபாய். மிச்சம் 600 ரூபாய். அறுவடை நேரத்தில் வரத்து குவிந்து வியாபாரி 65 ரூபாய்தான் தருவேன் என்று நிற்கும் ஆண்டில், இதே கணக்கில் மிச்சம் 1,125 ரூபாயாகிறது. 2015 அக்டோபரில் நடந்ததுபோல பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டால், மிச்சம் இன்னும் பெரிது. உடைத்ததில் விழும் பொட்டும் குருணையும் மாட்டுக்கு ஆகும்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது கடன். "ஒரு மூட்டைய வீட்டுக்கு நிறுத்துங்க" என்று சொல்வது பெரும்பாலும் கடைக்குப் போகிற பெண்கள். "மொதல்ல கடன அடைப்போம், பருப்பு கடையில கெடைக்கும்" என்பது பெரும்பாலும் களத்தில் விலை பேசுகிற ஆண்கள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கிய கடன் இருந்தால், 2,800 ரூபாயை ஆண்டு முழுவதும் அடைக்காமல் வைப்பதற்கு வட்டி மட்டும் 672 ரூபாய். மிச்சமாகும் 600 ரூபாயை அது விழுங்கிவிடும். பருப்பு வாங்காததால் கையில் நிற்கும் பணத்தை மாதாமாதம் அந்தக் கடனிலேயே கட்டி வந்தால் வட்டி ஏறக்குறைய பாதியாகக் குறையும், கொஞ்சமாவது மிஞ்சும். அந்தப் பணம் வேறு செலவில் கரைந்தால் மூட்டையை நிறுத்தியதில் லாபம் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணைக்குள் கட்டுகிறவர்களுக்கு வட்டியே கிடையாது. அவர்கள் யோசிக்காமல் நிறுத்தலாம். எனவே களத்துக்கு வண்டி வருவதற்கு முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து, எந்தக் கடனுக்கு என்ன வட்டி, வீட்டுக்கு எவ்வளவு மூட்டை என்று இரண்டையும் சேர்த்தே பேசிவிட வேண்டும். வண்டி வந்த பிறகு பேசினால் வியாபாரி சொல்வதுதான் நடக்கும்.

துவரை போடாதவர்கள், போட்டவரிடம் களத்திலேயே வாங்கலாம். வியாபாரி கொடுக்கும் விலையைவிடக் கிலோவுக்கு 5 ரூபாய் கூடக் கொடுத்தாலும் இருவருக்கும் லாபம்தான். புளிக்கு மாசி, பங்குனி. குண்டூர் ரகமோ ராமநாதபுரம் முண்டு ரகமோ, வற்றல் மிளகாய்க்கு பங்குனி, சித்திரை. தஞ்சை, நாகை, திருவாரூர் பக்கம் நெல் தரிசு உளுந்துக்கும் அதே பங்குனி, சித்திரை. இந்த மாதங்களில் ஆண்டுக்கானதை வாங்கிவிட்டால் ஐப்பசியில் கடைப்பக்கம் போகும்போது பை சிறுத்துவிடும்.

எண்ணெய்க்கு மட்டும் வேறு கணக்கு

சமையல் எண்ணெய் விலை நம் ஊர் மழையைப் பார்த்து மட்டும் ஏறுவதில்லை. நாட்டுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா எண்ணெய் வகைகளுக்கு அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவிகிதமாக உயர்த்தியது, 2025 மே மாதக் கடைசியில் 10 சதவிகிதமாகக் குறைத்தது. எண்ணெய் வித்து போடுகிறவருக்கு இந்த வரி பாதுகாப்பு. அவரே எண்ணெய் பாக்கெட் வாங்கும்போது அது செலவு.

நிலக்கடலை போடும் குடும்பம் இரண்டு பக்கமும் சிக்காமல் இருக்கலாம். மரச்செக்கிலோ ரோட்டரியிலோ ஆட்டினால், 1 லிட்டர் எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். மாதம் 3 லிட்டர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 90 கிலோ பருப்பு, அதாவது ஏறக்குறைய 130 கிலோ காய். பிண்ணாக்கு வீட்டு மாட்டுக்குப் போனால்தான் இதில் கணக்கு கட்டும். மாடு இல்லாத வீடு பிண்ணாக்கைச் செக்கிலேயே விற்றுவிடலாம்.

மொத்தத்தையும் ஒரே நாளில் ஆட்டிவிட்டு டின்னில் அடைத்து வைப்பது சரியல்ல, சிக்கு வாடை வந்துவிடும். காயாகவே வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடைத்து ஆட்டுவதே நல்லது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று உருள வேண்டும், அந்த அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். 'எண்ணெய்தானே, தெரியாது' என்று பூஞ்சணம் பிடித்த பருப்பையும் சுருங்கிய பருப்பையும் சேர்த்து ஆட்டுகிறார்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த நச்சு வரும், பிண்ணாக்கில் அதைவிட அதிகம் தங்கும், அதைத் தின்ற மாட்டின் பாலிலும் இறங்கும். பொறுக்கிக் கழித்தே ஆட்ட வேண்டும்.

வண்டு தின்றால் மிச்சம் ஏது?

நிறுத்திய மூட்டையை வண்டு தின்றுவிட்டது என்பதுதான் பலர் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டதற்குக் காரணம். குதிரும் பத்தாயமும் போய், தானியம் சாக்குப் பையில் நடைமூலையில் கிடக்கும் வீட்டில் இது நடக்கத்தான் செய்யும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடுகிறது. நாம் களத்திலிருந்து கொண்டுவருவதே முட்டையோடுதான். பல்லில் கடித்தால் 'கடக்'கென்று உடையும் வரை நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, பிறகே டிரம்மில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. ஆகவே துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, வெயில் குறைவதற்குள் உடைத்துவிடுவது பாதுகாப்பு. முழுதாக வைக்கிறவர்கள், மேலே ஓர் அங்குல உயரத்துக்குச் சுத்தமான காய்ந்த மணலைப் பரப்பி வைக்கலாம். வெளியே வரும் வண்டும் உள்ளே போக நினைக்கும் வண்டும் அந்த மணலில் தடுமாறும். வேப்பிலை போட்டாயிற்று என்று மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப்பொறியை டிரம்மில் செருகி வைத்தால், வண்டு வந்ததும் தெரிந்துவிடும். உடனே எடுத்து வெயிலில் போடலாம்.

மூட்டைக்குள் போடும் மாத்திரையை, அதாவது அலுமினியம் பாஸ்பைடை, வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு உறங்குகிறவர்களைக் கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் மட்டும் பயன்படுத்த வேண்டிய கட்டுப்பாட்டுப் பொருள் அது. யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கடைக்குப் போயே ஆக வேண்டியதற்கு

எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க முடியாது. தக்காளியை என்ன செய்வது? 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அடுத்த இரண்டே மாதத்தில் விலை சரிந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்ற பேச்சு வந்தது. மலிந்த நாளில் நறுக்கி, உப்புத் தூவி வற்றல் போடுவதும், ஏறிய நாளில் புளியைக் கூட்டிக்கொள்வதும்தான் வழி. கத்திரி, கொத்தவரை, சுண்டை வற்றலுக்கும் இதே முறைதான்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கியது. அங்கே மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்று விலை எழுதிப் போடுகிறார்கள். அட்டை வாங்கிக் காய் விற்கப் போகிற விவசாயி, தன்னிடம் இல்லாத காயைப் பக்கத்துக் கடையில் அதே விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பலாம். பலர் சந்தையில் விற்றுவிட்டு, வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் காய் வாங்குவது ஏன் என்பது புரியாத புதிர்.

சூப்பர் மார்க்கெட்டில் பார்க்க வேண்டியது பெரிய எழுத்தில் உள்ள விலையை அல்ல. பாக்கெட்டில் பொடி எழுத்தில் அலகு விலை அச்சிட்டிருக்கும்: 1 கிலோவுக்குக் குறைந்ததில் கிராமுக்கு எவ்வளவு, மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்று. இரண்டு பாக்கெட்டை அதைக் கொண்டுதான் ஒப்பிட வேண்டும். எண்ணெய் பாக்கெட்டில் அளவை அவசியம் படிக்க வேண்டும். 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். எடை அதற்குக் குறைவாக இருந்தால், விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அளவுதான்.

வரியும் கவனிக்க வேண்டியது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு. அளந்து தரும் சில்லறைச் சரக்குக்குக் கிடையாது. அரிசிக் கடைகளில் திடீரென்று 26 கிலோ சிப்பம் முளைத்ததன் ரகசியம் இதுதான்.

துவரை, உளுந்து விளையும் ஊரில் உடைக்க இடமில்லை என்பதே பெரிய தடையாக இருந்தால், மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சிறிய பருப்பு உடைக்கும் இயந்திரம் வாங்கலாம். மதிப்புக் கூட்டும் இயந்திரங்களுக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் வழங்குகிறது. அறுவடைக்கு முன்பே உபகோட்ட உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால், தை மாதத் துவரைக்கு இயந்திரம் ஓடத் தயாராக இருக்கும்.