எழும்பாத கணினியும் அழியாத கோப்புகளும்



சென்ற ஆண்டு மூன்றாந் தவணைப் பரீட்சை முடிந்த வாரம் அது. முதல் நாள் இரவு இடி மின்னலோடு மழை பெய்து, மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாட் காலை எமது பாடசாலை அலுவலகக் கணினி எழும்ப மறுத்துவிட்டது. ஆளியைப் போட்டால் உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கும், கரிய திரையில் ஓரிரு வெள்ளை வரிகள் தோன்றும், அதற்கப்பால் அசைவில்லை.

மாணவரின் புள்ளிகள் அதனுள் இருந்தன. அவற்றினும் அரியதொன்றும் இருந்தது. கறையான் அரித்துப்போன பழைய சேர்வு இடாப்புகளை வரி வரியாகப் பார்த்து ஆசிரியர்கள் கணினியில் ஏற்றியிருந்தனர். அந்த இடாப்புகள் பின்னர் முற்றாக உதிர்ந்துபோயின. ஆகவே கணினியில் இருந்த படியே எஞ்சிய ஒரே படி.

பழுது பார்க்க வந்தவர், “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவித் தருகிறேன், மாலைக்குள் முடிந்துவிடும்” என்றார். தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் எமது இளம் ஆசிரியை, “சேர், பொறுங்கள். கணினிதான் எழும்பவில்லை; கோப்புகள் போய்விடவில்லை” என்று தடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கணினி என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டு. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் வழங்கி ஒன்று; எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகை ஒன்று; எழுதியவற்றைக் காத்து வைக்கும் வன்தட்டு ஒன்று. இவற்றை நடத்துவது விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை. இவற்றுள் எது கெட்டாலும் கணினி எழும்பாது. ஆனால் நமது எழுத்துகள் வாழ்வது வன்தட்டில் மட்டுமே. வீட்டுக் கதவின் பூட்டுக் கெட்டுப்போனால், உள்ளே பெட்டகத்திலிருக்கும் நகை மறைந்துவிடுமா? கதவைத் திறக்க வேறு வழி தேடுவோமேயன்றி, வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டமாட்டோம்.

வேறு வழி யாது? நோய்க்குத் தக்க மருந்தாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பணிசெயல் முறைமை மட்டுமே சிதைந்த நிலை. எமது கணினிக்கு நேர்ந்தது இதுவே. இதற்கு லினக்ஸ் கைகொடுக்கிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்தது அது. யாவரும் இலவசமாகப் பெறலாம். அதன் வடிவங்களுள் ஒன்றான உபுண்டுவை நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியின் துணையால் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பழுதான கணினியில் அதைச் செருகி, எஃப் 12 போன்ற விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து எழும்பும்படி பணிக்க வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி வேறுபடும். பின்னர் திரையில் இரு வழிகள் தோன்றும்: ஒன்று நிறுவுதல், மற்றையது நிறுவாமலே முயன்று பார்த்தல். இரண்டாவதையே தெரிய வேண்டும். அப்போது வன்தட்டு ஒரு பெட்டகம் போலத் திறக்கும். வேண்டிய கோப்புகளை வேறொரு தட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மின் வழங்கியோ தாய்ப்பலகையோ செத்துவிட்ட நிலை. கடலாற் சூழப்பட்ட நமது தீவில் உப்புக் காற்று உலோகத்தை அரிப்பதும், சோளகக் காலத்தில் மணல் புகுவதும் நாம் அறிந்தவையே. இந்நிலையில் வன்தட்டைக் கழற்றி, அதற்குரிய இணைப்புக் கம்பியால் வேறொரு கணினியில் பூட்டிப் படிக்கலாம்.

மூன்றாவது, வன்தட்டே நோயுற்ற நிலை. இதிலேதான் மிகுந்த நிதானம் வேண்டும். சுழலும் வன்தட்டுகள் பல நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுபவை. எழுத்தைப் படிக்கும் முனை, புகைத் துகளினும் குறைந்த உயரத்தில் தட்டின்மேல் மிதக்கிறது. தட்டிலிருந்து “டக், டக்” என்ற ஓசை எழுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது முனையைத் தட்டின்மேல் உரசச் செய்து எழுத்தையே சுரண்டிவிடும். அத்தகைய தட்டை, அதற்கென்றே தூசற்ற அறை வைத்திருக்கும் வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பாரும் உளர். நமது ஈரக் காற்றில் அதை வெளியே எடுத்தவுடன் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வாறு செய்யலாகாது. ஓசையின்றி ஆங்காங்கே மட்டும் படிக்க மறுக்கும் தட்டுக்கு டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருள் உதவும். அது கெட்ட இடத்தில் முட்டி மோதாது, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றுக்குப் பின்னர் திரும்பி வரும்.

மூன்று நிலைகளுக்கும் பொதுவான விதி ஒன்றே: மீட்கும்வரை அந்தத் தட்டில் எதனையும் எழுதாதீர்கள். அழிக்கப்பட்ட கோப்பின் எழுத்துகள் கூடச் சுழலும் தட்டில் உடனே மறைவதில்லை. அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்போதே மறைகின்றன. ஆதலின் புதிதாக நிறுவுதல் என்பது, பழைய ஏட்டின்மேல் மையை ஊற்றுவதற்கு ஒப்பாகும். சுழலாத புதுவகைத் தட்டுகளில் அழித்தவற்றை மீட்பது இன்னும் அரிது. பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண் இன்றி எவராலும் உள்ளே புக இயலாது. அவ்வெண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எமது கோப்புகள் அன்று பிற்பகலுக்குள் மீண்டன. இரண்டு வாரத்தின் பின் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். 1990இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து சென்றவர். தாம் இங்கே படித்ததற்குச் சான்றாக விடுகைப் பத்திரம் வேண்டினார். அவருடைய பெயரும், தந்தையின் பெயரும், சேர்ந்த திகதியும் மீட்ட கோப்பில் இருந்தன. புதிதாக நிறுவியிருந்தால் அவருக்கு யான் என்ன விடை கூறியிருப்பேன்?

ஒரே படி என்பது படியே இல்லாமைக்குச் சமம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின; வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நமது தீவையும் தாக்கிற்று. நெருப்பும் நீரும் முன்னறிவித்தல் தருவதில்லை. ஆகவே மூன்று படிகள் வைத்திருங்கள்: கணினியில் ஒன்று, தனித் தட்டில் ஒன்று, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் நம்பிக்கையானவரிடம் ஒன்று. மாதம் ஒருமுறை அவற்றைப் புதுப்பியுங்கள், திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்புதல் ஆகாது.

எமது அலுவலகத்தில் ஒவ்வொரு மாதத்தின் முதல் வெள்ளியன்றும் இப்பணி நடைபெறுகிறது. அதற்கு அரைமணி நேரமே செல்கிறது.