மூட்டுவலியில யாராவது சாவாங்களா?

என் தாய்மாமா இறந்தப்போ டாக்டர் கொடுத்த சான்றிதழ்ல காரணம்னு ஒரே ஒரு வரிதான் இருந்தது. மாரடைப்பு. வயசு 56.

பர்கூர் பக்கம் கல் குவாரிகள்ல இருபது வருஷத்துக்கு மேல ஜாக்ஹேமர் பிடிச்சவர். 47 வயசுல விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பிச்சது. காலையில எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு டம்ளரைப் பிடிக்க முடியாது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொன்னாங்க. தமிழ்ல முடக்குவாதம்; எங்க பாட்டி சரவாங்கின்னு சொல்வாங்க. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டார், வலி குறைஞ்சது, நிறுத்திட்டார். அப்புறம் மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரையும், யாரோ கொடுத்த மூட்டுவலிப் பொடியும்தான். ஒன்பது வருஷம் அப்படியே ஓடுச்சு. ஒரு நாள் ராத்திரி நெஞ்சுவலி. ஓசூர்ல இருந்து பெங்களூருக்குக் கொண்டுபோனோம். அத்திப்பள்ளி தாண்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

துக்கம் விசாரிக்க வந்தவங்க, "மூட்டுவலி ஆளு, பாவம், நெஞ்சுவலி வந்து போயிட்டாரு"ன்னாங்க. ரெண்டும் வேற வேற விஷயம்னுதான் நானும் நினைச்சேன். போன வருஷம் அம்மாவுக்கும் அதே நோய்னு ரிப்போர்ட் வந்தது. அப்போதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்லை. பி.இ. படிச்சு, தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வர்ற சாஃப்ட்வேர் ஆள். ஆய்வுக் கட்டுரைகளைப் படிச்சுப் புரிஞ்சுகிட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து விஷயத்துல முடிவெடுக்க உங்க டாக்டர் இருக்கார்.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம்

'ருமாட்டிக்'னு ஆரம்பிக்கிற எல்லாம் ஒண்ணு இல்லை. ருமாட்டிக் காய்ச்சல்ங்கிறது ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால வர்ற தொண்டைப் புண்ணுக்குப் பிறகு, பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வந்து இதய வால்வைக் கெடுப்பது. அதுக்குத்தான் மூணு நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடுவாங்க. நான் எழுதப்போறது ருமட்டாய்டு, லூபஸ் மாதிரியான தன்னுடல் தாக்கு நோய்களைப் பத்தி. கிருமியோட சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், சொந்த உடம்பையே எதிரின்னு நினைச்சு அடிக்கிற நோய்கள். முடக்குவாதத்துல அடி முதல்ல மூட்டு சவ்வு மேல விழும். லூபஸ்ல தோல், சிறுநீரகம், ரத்தம், மூளைன்னு எங்கே வேணும்னாலும் விழலாம்.

ஒன்றரை மடங்குன்னா எவ்வளவு?

முடக்குவாதம் உள்ளவங்களோட இறப்பு விகிதம், அதே வயசு, அதே பாலினத்தைச் சேர்ந்த மத்தவங்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குன்னு பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கு. படிச்சதும் பயந்துட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு உதாரணத்துக்கு, ஒரு வயசுப் பிரிவுல ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 10 பேர் இறக்குறாங்கன்னு வெச்சுக்குவோம். ஒன்றரை மடங்குன்னா 15 பேர். மீதி 985 பேர் அந்த வருஷத்தைத் தாண்டிடுறாங்க. ஆக இது மரண தண்டனை இல்லை. அதே சமயம் அந்த கூடுதல் 5 பேரும் சும்மா சாகலை. அவங்க எதனால போறாங்கங்கிறதுதான் கேள்வி.

பதில்: பெரும்பாலும் மூட்டால இல்லை. இதயம், நோய்த்தொற்று, நுரையீரல்.

எங்க வேலையில சர்வர் விழுந்தா முதல்ல லாக் பார்ப்போம். கடைசி வரியில 'மெமரி இல்லை'ன்னு இருக்கும். ஆனா மூணு நாளா மெமரியைத் தின்னுகிட்டு இருந்த புரோகிராம் வேற ஒண்ணா இருக்கும். இறப்புக் காரணச் சான்றிதழான படிவம் 4-லயும் உடனடிக் காரணம், அதுக்கு முந்தைய காரணம், கூட இருந்த மற்ற நோய்கள்னு தனித்தனியா இடம் இருக்கு. மாமாவோடதுல முதல் வரி மட்டும்தான் நிரம்பியிருந்தது. ஒன்பது வருஷ நோய் எங்கேயும் இல்லை.

மூட்டுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

வீங்கின மூட்டுல உருவாகிற டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 மாதிரியான அழற்சி ரசாயனங்கள் மூட்டோட நிக்கிறதில்லை. ரத்தத்துல கலந்து ஊரெல்லாம் சுத்துது. ரத்தக் குழாயோட உள்சுவரைக் கெடுக்குது. அங்கே கொழுப்பு படியுது. படிஞ்ச கொழுப்பு மேல இருக்கிற மூடி பலவீனமாகி உடையுது. உடைஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சா மாரடைப்பு. முடக்குவாதம் உள்ளவங்களுக்கு இதய நோய் ஆபத்து ஏறக்குறைய சர்க்கரை நோயாளிக்கு இணையானதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அதனாலதான் ஐரோப்பிய முடக்குவாத மருத்துவர் கூட்டமைப்பு, வழக்கமான இதய ஆபத்துக் கணக்குல வர்ற எண்ணை இவங்களுக்கு 1.5 ஆல பெருக்கச் சொல்லுது.

இதுல ஒரு பொறி இருக்கு. அழற்சி உச்சத்துல இருக்கும்போது ரத்தத்துல கொலஸ்ட்ரால் எண் குறைஞ்சு காட்டும். ரிப்போர்ட் 'நார்மல்'னு வரும், ஆபத்து கூடுதலா இருக்கும். சிகிச்சையில அழற்சி அடங்கினா அதே எண் கொஞ்சம் ஏறும். உடனே 'மாத்திரையால கொழுப்பு ஏறிடுச்சு'ன்னு நிறுத்துறவங்க உண்டு.

மாமா கதையில இன்னும் ரெண்டு சேர்த்துக்கணும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை வருஷக்கணக்கா சாப்பிட்டா இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. இந்த வகை மருந்துகள்ல ஒண்ணான ரோஃபிகாக்சிபை 2004-ல உலகச் சந்தையில இருந்தே எடுத்தாங்க, மாரடைப்பு கூடினதால. அடுத்தது அந்தப் பொடி. இப்படி விக்கிற 'மூட்டுவலிப் பொடி'கள் பலதுல சொல்லாம ஸ்டீராய்டு கலந்திருக்கும். ரெண்டே நாள்ல வலி போறதுக்குக் காரணமே அதுதான். சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும், கிருமிகளுக்குக் கதவு திறக்கும். திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துகிட்டே இருந்ததால உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்தியிருக்கும்.

லூபஸ் சொல்லும் பாடம்

லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வர்ற நோய். 1955-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில இருந்து வந்த கணக்குப்படி, கண்டுபிடிச்சு நாலு வருஷம் தாண்டினவங்க ஏறக்குறைய பாதிப் பேர். இன்னைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல அஞ்சு வருஷத்தைத் தாண்டுறாங்க. மனுஷன் சாதிச்ச பெரிய விஷயம் இது.

1976-ல டொராண்டோவைச் சேர்ந்த மரே யூரோவிட்ஸ் குழு ஒண்ணைக் கவனிச்சது. லூபஸ் மரணங்கள் ரெண்டு அலையா வருது. முதல் அலை ஆரம்ப காலத்துல: நோயோட சீற்றம், நோய்த்தொற்று. ரெண்டாவது அலை பல வருஷம் கழிச்சு, நோய் அடங்கின மாதிரி இருக்கும்போது: மாரடைப்பு. நம்ம நாட்டுல முதல் அலையில நோய்த்தொற்றோட பங்கு பெரிசு. உலகக் காசநோயாளிகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியாவுல இருக்காங்க. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தா, நுரையீரல்ல தூங்கிகிட்டு இருக்கிற காசநோய் எழுந்திருக்கலாம். டி.என்.எஃப். தடுப்பு ஊசி போடுறதுக்கு முன்னாடி காசநோய்ப் பரிசோதனை கேட்கிறது இதனாலதான். வெட்டிச் செலவு இல்லை.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள்

அப்போ மருந்தே வேண்டாமா? நேர் எதிர். 2002-ல லான்செட் இதழ்ல ஹ்யோன் சோய் குழு வெளியிட்ட ஆய்வு: முடக்குவாதம் உள்ள 1,240 பேர். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டவங்களோட இறப்பு, சாப்பிடாதவங்களைவிட 60 சதவீதம் குறைவு. இது கண்காணிப்பு ஆய்வு, குலுக்கல் முறை சோதனை இல்லைங்கிறதை மறக்கக் கூடாது. 2019-ல வெளிவந்த ஒரு பெரிய குலுக்கல் சோதனையில, முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு இதே மருந்து பலன் தரலை. நான் புரிஞ்சுகிட்டது: மெத்தோட்ரெக்சேட் தனியா ஒரு இதய மருந்து இல்லை. எரியிற வீட்டுல தீயை அணைக்கிறதாலதான் இதயமும் தப்பிக்குது.

இந்த மருந்துக்கும் சென்னைக்கும் ஒரு உறவு உண்டு. பீமவரத்துல பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தை வழிநடத்தினார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சதும், அதை எதிர்க்கிற மெத்தோட்ரெக்சேட்டை உருவாக்கினதும் அவர் குழுதான். புற்றுநோய்க்குன்னு வந்த மருந்தைக் குறைஞ்ச அளவுல முடக்குவாதத்துக்குக் கொடுக்க அமெரிக்க அரசு 1988-ல அனுமதி தந்தது. இன்னைக்கு அம்மா மாத்திரை டப்பாவுல ரெண்டும் இருக்கு. மெத்தோட்ரெக்சேட் ஒரு நாள்; பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் வேற நாள்.

ஆனா ஒரு எச்சரிக்கை. முடக்குவாதத்துக்கு இது வாரம் ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிட்டா எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குறதை நிறுத்திடும், ஆளையே கொல்லும். உலகம் முழுக்க இந்தத் தவறால மரணங்கள் நடந்திருக்கு. எங்க வீட்டுலேயே நடக்க இருந்தது. ஒரு மருந்துக் கடையில கவர் மேல 'ராத்திரி 1'ன்னு மட்டும் எழுதிக் கொடுத்துட்டாங்க. அம்மா ரெண்டாவது நாளும் எடுக்கப் போனப்போ தற்செயலா பார்த்தேன். வாய்ப்புண், காய்ச்சல், ரத்தக் கசிவு வந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நம்ம மாவட்டத்துத் தூசி

கிருஷ்ணகிரின்னா மாம்பழம், அடுத்தது கிரானைட். கிரானைட்ல கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. துளை போடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூள் நுரையீரலோட ஆழம் வரைக்கும் போகும். ஓசூர்ப் பக்கத்து வார்ப்பாலைகள்ல அச்சு மணலும் சிலிக்காதான். சிலிக்கோசிஸ்னு நுரையீரல் நோய் வரும்னு எல்லாருக்கும் தெரியும். முடக்குவாதமும் வரலாம்னு பலருக்குத் தெரியாது.

1914-லயே எடின்பரோவுல பைரம் பிராம்வெல் தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோய் கல்தச்சர்கள்கிட்ட அதிகமா இருக்கிறதைக் கவனிச்சார். 1953-ல வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்ல முடக்குவாதம் உள்ளவங்க நுரையீரல்ல தனி வகைக் கட்டிகளைக் கண்டார் ஆண்டனி கேப்லன். ஸ்வீடன்ல நடந்த ஈரா ஆய்வு 2005-ல சொன்னது: சிலிக்கா தூசியில வேலை செஞ்ச ஆண்களுக்கு முடக்குவாத ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு, பாறை துளைக்கிறவங்களுக்கு மூணு மடங்கு. புகைப்பழக்கமும் சேர்ந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு தூக்கிவிடும். தூசியையும் புகையையும் விழுங்கின நுரையீரல் செல்கள் புரதங்களை உருமாற்ற, அதை அந்நியன்னு எடுத்துகிட்டு உடம்பு எதிரணுக்களை உருவாக்குது. மூட்டு வீங்க பல வருஷம் முன்னாடியே இது ரத்தத்துல தெரியும். ஆன்ட்டி-சிசிபி சோதனை பார்க்கிறது இதைத்தான்.

மாமா ஜாக்ஹேமர் பிடிச்சவர், பீடியும் பிடிச்சவர். அதனாலதான் வந்ததுன்னு ஒரு தனி மனுஷனுக்குச் சொல்ல முடியாது. புள்ளிவிவரம் கூட்டத்தைப் பத்திப் பேசும், ஆளைப் பத்திப் பேசாது. ஆனா தண்ணி விட்டுத் துளை போட்டா தூசி பெருமளவு அடங்கும். தலையில கட்டுற துண்டை மூக்குல சுத்தினா அடங்காது.

என்ன செய்யலாம்?

படிச்சதுல இருந்து நான் அம்மாவுக்காக எழுதி வெச்ச பட்டியல்:

1. வலி போச்சுன்னு மருந்தை நிறுத்தக் கூடாது. அடக்கி வைக்கிறது மூட்டை மட்டும் இல்லை.
2. ஒவ்வொரு தடவையும் பிரஷர், சர்க்கரை பார்க்கணும். இதய ஆபத்து பத்தி டாக்டர்கிட்ட நாமே கேட்கணும்.
3. சொன்ன தேதியில ரத்தம், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை.
4. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைக் கேட்கணும். உயிருள்ள கிருமி சேர்த்த தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்காம போடக் கூடாது.
5. வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்குறதை 'வயசாச்சு'ன்னு விடக் கூடாது. நுரையீரல் பாதிப்பா இருக்கலாம்.
6. பீடி, சிகரெட், பெயர் இல்லாத பொடி: வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது விஷயத்துக்கு பெங்களூர் போக வேண்டியதில்லை. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி முதலமைச்சர் தொடங்கி வெச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலதான். முடக்குவாதக்காரருக்கு பிரஷர் பார்க்கிறது, மூட்டுக்கு மருந்து கொடுக்கிற அளவுக்கு முக்கியம். மாமாவுக்கு அந்த ஒன்பது வருஷத்துல கடைசியா எப்போ பிரஷர் பார்த்தாங்கன்னு அத்தைகிட்ட கேட்டேன். அவங்களுக்கு ஞாபகம் இல்லை.

போன வாரம் அம்மா கேட்டாங்க: "கை வலியே இல்லையேடா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" இந்தக் கட்டுரையில இருக்கிறதை எல்லாம் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அப்புறம், "இது கைக்கு மட்டும் இல்லைம்மா, மாமாவுக்கு வந்தது உனக்கு வராம இருக்கவும்தான்"னேன். ஒண்ணும் பேசலை. டப்பாவை எடுத்தாங்க. மூடி மேல மார்க்கர்ல பெரிசா எழுதி வெச்சிருக்கேன்: ஞாயிறு மட்டும்.